மண்ணாடிப்பட்டுக்குப் போன டேபிள் மேட்டுகள்

செல்வகுமாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிருமாம்பாக்கத்தில் அவள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. பால்காரர், கேபிள்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லோரும் அவளிடம் ஒழுங்காகத்தான் பேசுவார்கள். ஒழுங்காகப் பேசாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் கண்ணையன், இன்னொருவர் அவனுடைய அக்கா ஆண்டாள். சொந்தக்காரர்கள் மேல் அவள் கோபப்படக் கூடாது என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் செய்கிற வேலைக்குக் கோபமே ஆகாது. அவள் குரோஷா போடுகிறவள். முனை வளைந்த ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் சாமான். வட்டமான டேபிள் மேட் போட வேண்டுமானால் நடுவில் ஒரு முடிச்சில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மனசு அமைதியாக இருந்தால் நூல் தளர்வாக ஓடும், போட்டு முடித்த மேட் கல்லில் ஊற்றிய தோசை மாதிரி மேஜையில் படியும். கோபத்தோடு உட்கார்ந்தால் விரல் தன்னையறியாமல் நூலை இழுத்துப் பிடிக்கும். ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். கடைசியில் பார்த்தால் கையில் மேட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணத்தின் மேல் யார் தட்டு வைத்துச் சாப்பிடுவார்கள்? முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதுதான். அதனால் வீட்டில் சண்டை நடந்த நாட்களில் அவள் பையோ தொப்பியோ போடுவாள். அதற்கெல்லாம் இறுக்கம் நல்லது. அந்த வீட்டில் அவள் போட்டவற்றில் பைகள்தான் அதிகம்.

பிறந்தது வில்லியனூர்ப் பக்கம். கண்ணையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நாற்று, களை, கரும்புச் சோகை உரிப்பது என்று மாமனார் நிலத்தில் உழைத்தாள். மகன் அன்புராஜ் இப்போது காரைக்காலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அவனுடைய செல்போனில்தான் அவள் குரோஷாவைப் பார்த்தாள். எந்த நாட்டுக்காரியோ, ஒரு வெள்ளைக்காரம்மா வீடியோ போட்டிருந்தாள். அந்தம்மா பேசியதில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கை புரிந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அந்தக் கை போன வழியிலேயே இவள் கையும் போனது. முதலில் போட்டது டிவிக்கு ஒரு மூடி, பிறகு ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று. கண்ணையன் சிரித்தான். வீட்டில் நிற்பதற்கெல்லாம் சட்டை தைக்கிறாள், அடுத்து மாட்டுக்கும் தைப்பாள் என்று டீக்கடையில் சொன்னான். சொன்னது அவள் காதுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு பை முடிந்தது.

நன்றாகப் போட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது, தெருவிலும் சொந்தத்திலும் கேட்பது ஆரம்பித்தது. பேத்திக்குத் தலைப்பட்டை, மகளுக்கு மொபைல் பை, பூஜை அறைக்குத் தோரணம். யாரும் நூல்கூட வாங்கித் தரமாட்டார்கள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அந்த நேரத்தில் ஒன்று போட்டுக் கொடேன் என்பார்கள். வயலில் குனிந்தால் அது வேலை, அடுப்பில் வெந்தால் அது வேலை, உட்கார்ந்து செய்தால் மட்டும் அது சும்மாவாம். இதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பற்றிக்கொண்டு வரத்தான் செய்யும், அதில் தப்பு என்ன இருக்கிறது?

பிறகு அரியாங்குப்பத்தில் ஒரு குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் போட்டாள். அவள் போட்டதெல்லாம் குழுத் தலைவி பெயரில் டவுனுக்குப் போனது. அங்கே கடற்கரைப் பக்கத் தெருவில் ரோசம்மாள் என்கிற பெரியம்மா, கிராமத்துப் பெண்களிடம் கைவேலை வாங்கி பிரான்சில் உள்ள ஒரு கடைக்கு அனுப்புகிறார். வாயில் சர்க்கரை கிடையாது, கண்ணில் ஒரு குறையும் தப்பாது. அந்த ரோசம்மாள் ஒரு நாள் இந்தத் தட்டையான மேட்டுகளை மட்டும் யார் போடுவது என்று விசாரித்து, செல்வகுமாரியை நேராகவே கூப்பிட்டு அனுப்பினார்.

பிரான்சில் வசந்தமும் கோடையும் வருகிறதாம், அதற்குப் பளிச்சென்று டேபிள் மேட்டுகள் வேண்டுமாம். ஆறு ஆறாக நாலு செட், ஒரே செட்டில் நிறங்கள் கலந்து வரலாம். எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, ராமர் நீலம், ஓரத்தில் சின்னச் சின்னப் பூ. நாம் வெயில் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கிறோம். அவர்கள் மேஜையைத் தூக்கி வந்து தோட்டத்தில் போடுகிறார்கள். அந்த மேஜைக்காக இவள் மார்கழிப் பனியில் உட்கார்ந்து கோடைக்காலத்தைப் பின்ன வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு செட்டிலும் ஒரு சின்ன அட்டை தொங்கும், அதில் செல்வகுமாரி, கிருமாம்பாக்கம் என்று போடுவதாக ரோசம்மாள் சொன்னார். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் தவிர வேறெங்கும் அச்சில் வராத பெயர். தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை குறித்துக் கொடுத்தார். சாயங்காலம் பார்சல் போகும். அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன், பிறகு என்னிடம் வராதே என்றும் சொன்னார்.

மேட்டுக்குக் கோபம் ஆகாது என்பதால் அந்த ஒன்றரை மாதம் செல்வகுமாரி பட்டது கொஞ்சமல்ல. கண்ணையன் சேற்றுக் காலோடு உள்ளே வந்தால் பார்க்காத மாதிரி இருந்தாள். ஆண்டாள் வந்து சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டு போனால் சிரித்தாள். தெருவில் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூடக் கேட்டார்கள். கடைசி மேட்டையும் முடித்து, இஸ்திரி போட்டு, பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆண்டாளின் மகள் பிரியதர்ஷினிக்கு அன்று நிச்சயதார்த்தம். பிரியா டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். மாப்பிள்ளை அரிகரன், மண்ணாடிப்பட்டு. நெல்லும் கரும்புமாக வசதியான குடும்பம். ஆண்டாள் வீடு இரண்டு வீடு தள்ளித்தான். பிரியா செல்வகுமாரியின் மடியில் வளர்ந்த பிள்ளை இல்லை என்றாலும் அத்தை அத்தை என்று ஒட்டுதலாக இருப்பாள். அதனால் செல்வகுமாரி விடியலிலேயே போய் கேசரி கிளறி, வடை சுட்டு, வந்தவர்களுக்கு இலை போட்டு, அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளோடு வருவார்கள். பழம், பூ, புடவை, சர்க்கரை எல்லாம் வைத்து, தட்டுகள் ஒற்றைப்படையில் வரும். திரும்பும்போது அந்தத் தட்டுகள் வெறுமையாகப் போகக் கூடாது. பெண் வீட்டார் ஏதாவது நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். இருபத்தொரு தட்டு வந்திருந்தது. ஆண்டாள் தேங்காய், ஆப்பிள், லட்டு என்று நிரப்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சரிகைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்திருக்கும்போது, நாம் திறந்த தட்டை அனுப்புவதா என்று அவளுக்குக் குறையாகப் போனது. அப்போதுதான் அவளுக்குத் தம்பி வீட்டு பீரோ ஞாபகம் வந்தது. வட்டத் தட்டு, வட்ட மேட். அளவெடுத்துச் செய்த மாதிரி.

தம்பியைக் கேட்டாள். தம்பி சாவியைக் கொடுத்தான். இவ்வளவுதான் நடந்தது. வடை சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்கும் கால் வரவில்லை.

செல்வகுமாரி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வரிசை வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் தட்டின் மேல் எலுமிச்சை மஞ்சள். அடுத்ததில் வாடாமல்லி. அடுத்ததில் கிளிப்பச்சை. ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் போயிற்று. சம்பந்தியம்மா சின்னபொண்ணு ஒரு மேட்டின் ஓரப் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஆண்டாளிடம் என்னவோ கேட்டாள். ஆண்டாள் பல்லெல்லாம் தெரியப் பதில் சொன்னாள். மேளக்காரன் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

செல்வகுமாரி கத்தவில்லை. தெருவே ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் அது. ஒரு தடவை தட்டில் வைத்துக் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் கல்யாணம் கூடிவராது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவளுக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு விஷயம். மணப்பெண் கோலத்தில் பிரியா பக்கத்திலேயே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? வேன் கிளம்பிப் போனது. வாயை மூடிக்கொண்டு நின்றதற்காகத் தன் மேலேயே அவளுக்கு வந்த கோபம், மற்ற இரண்டு பேர் மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

விருந்தாளிகள் போனதும் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். மூன்றே மேட் மிச்சம். கண்ணையன் பின்னாலேயே வந்தான். அதுவரை புருஷனுக்கு மரியாதை கொடுத்தே பேசி வந்தவள் அன்றைக்கு அதை விட்டுவிட்டாள்.

"யாரக் கேட்டு சாவி குடுத்த நீ?"

அக்கா கேட்டாள், நல்ல காரியம், சபையில் மானம் போகக் கூடாது என்று அவன் இழுத்தான். நாளைக்கு அது பிரான்சுக்குப் போகிற சாமான் என்று தெரியாதா என்று கேட்டாள். போகிற சாமான் என்றுதான் தெரியும், நாளைக்கே என்று தெரியாது என்றான். ஒன்றரை மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லாத நாள் இல்லை. ஆண்டாளும் வந்து சேர்ந்தாள். அவளுக்கு இதில் என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை. சபையே பாராட்டியதே, உனக்குத்தானே பெருமை என்றாள். நூல்தானே, நான் வாங்கித் தருகிறேன், ராத்திரி கொஞ்சம் கண் முழித்துப் போட்டால் முடிந்துவிடாதா என்றும் கேட்டாள். ஒரு மேட்டுக்கு முழுசாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று சொன்னால் அவள் நம்பத் தயாராக இல்லை.

"அப்ப நாளைக்குப் போய் கேட்டு வாங்கிக்கினு வரேன்" என்றாள் செல்வகுமாரி.

ஆண்டாள் முகம் வெளுத்தது. "தட்டுல வச்சத போய்க் கேப்பியா? எம் பொண்ணு வாழ்க்கைல மண்ணள்ளிப் போடப் பாக்கறியா நீ?"

கண்ணையன் அக்கா பக்கம் நின்றான். போவதாக இருந்தால் அப்படியே வில்லியனூர் அம்மா வீட்டுக்குப் போய்விடு, இங்கே வராதே என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் பயந்த மாதிரி நின்றான்.

கேட்கப் போவது சரியா தப்பா என்று செல்வகுமாரிக்கும் உள்ளே உறுத்தத்தான் செய்தது. சாயங்காலமே ஊசியை எடுத்து உட்கார்ந்து பார்த்தாள். மூன்று மேட் போட்டால் ஒரு செட்டாவது கொடுக்கலாமே என்ற நப்பாசை. ஏழாவது சுற்றிலேயே ஓரம் தூக்கிக்கொண்டது. பிரித்தாள், மறுபடி போட்டாள், மறுபடி கிண்ணம். அந்தக் கோபத்தில் அவளால் தட்டையாக ஒரு உள்ளங்கை அகலம்கூடப் போட முடியவில்லை. இனி அந்த மேட்டுகளைத் தவிர வேறு வழி கிடையாது என்று அப்போது முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலையில் மிச்சமிருந்த மூன்றையும் பெரிய கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடலூர் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மண்ணாடிப்பட்டுப் பக்கம் போகிற திருக்கனூர் பஸ் பிடித்தாள். வழியெல்லாம் கரும்பு வண்டி, நிமிஷத்துக்கு ஒரு தரம் பஸ் நின்றது. சம்பந்தியம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தணிவாகப் பேச வேண்டும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு நல்ல சரிகைத் துணி வாங்கித் தருவதாகச் சொல்ல வேண்டும். பிரியாவுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது. இத்தனை பத்திரமாகப் பேச வேண்டிய தலையெழுத்து தனக்கு எதற்கு என்று நினைத்தபோது மறுபடி கொதித்தது.

சின்னபொண்ணு அவளைப் பார்த்ததும் கலங்கிப்போனாள். நேற்றுத்தான் நிச்சயம் முடிந்தது, இன்றைக்குக் காலையிலேயே பெண் வீட்டு ஆள் தனியாக வந்து நின்றால் எந்தத் தாய்க்கும் பயம் வரத்தான் செய்யும். உட்காரச் சொல்லி, காபி கொண்டுவரச் சொல்லி, பொண்ணு நன்றாக இருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டாள். காபித் தட்டு வந்து மேஜையில் அமர்ந்தது. அதற்குக் கீழே வாடாமல்லி மேட். டிவி மேல் ராமர் நீலம்.

செல்வகுமாரியின் கண் போன இடத்தைச் சின்னபொண்ணு பார்த்துவிட்டாள். உடனே முகம் மலர்ந்தது.

"என் மருமவ போட்டதுதான். ஆஸ்பத்திரி வேலையும் பாத்துக்கினு இதையும் போட்டுக்கீறா பாருங்க. உங்க நாத்தனாரு நேத்து சொன்னாங்க. ராத்திரியே தெரு முழுக்கக் காட்டிட்டேன்."

செல்வகுமாரிக்கு இப்போதுதான் விளங்கியது. வேன் பக்கத்தில் நின்று ஆண்டாள் பல்லெல்லாம் தெரியச் சொன்ன பதில் இதுதான். எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. செல்வகுமாரியின் கையையும் சேர்த்து எடுத்து மகளுக்கு ஒட்டவைத்துவிட்டாள். பொண்ணு பார்க்க வரும்போது அக்கம்பக்கத்து எம்பிராய்டரியை மாட்டிவைத்து எங்கள் பெண் போட்டது என்று சொல்கிற பழக்கம் அந்த ஊர்களில் உண்டுதான். அவளுமே அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். தன்னுடையது போனபோதுதான் அது திருட்டு என்று தெரிந்தது.

இப்போது உண்மையைச் சொன்னால் ஆண்டாள் பொய்க்காரி ஆவாள், நிச்சயமே முறிந்தாலும் முறியும். சொல்லாவிட்டால் பிரியா போட்டது என்று அவளே ஒத்துக்கொண்டு, பிரியாவுக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி வாங்கிப் போகலாம். மேட் கிடைத்துவிடும். பஸ்ஸில் மனப்பாடம் செய்த தணிவான பேச்சு தொண்டை வரை வந்தது. வாய் அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டது.

"அத நான் போட்டேன் சம்மந்தி" என்றாள். "இன்னிக்கு சாயந்தரம் அது பிரான்சுக்குப் போவணும். என்னக் கேக்காம எடுத்தாந்து தட்டு மேல மூடிட்டாங்க. எனக்குத் திருப்பி வேணும்."

சின்னபொண்ணு முகத்திலிருந்த மலர்ச்சி ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தட்டோடு வந்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லையே என்றாள். பிறகு யோசித்து, அப்படியானால் எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஆமாம் என்றாள் செல்வகுமாரி.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு இன்னாதான் தெரியும்?"

இந்த இடத்தில் செல்வகுமாரியின் கோபம் திசை மாறியது. இவ்வளவு நேரம் ஆண்டாள் மேல் இருந்தது அப்படியே சின்னபொண்ணு மேல் திரும்பியது.

"ரத்தம் எடுக்கத் தெரியும். பச்சக் கொழந்தைக்குக்கூட ஒரே குத்துல நரம்பப் புடிச்சிடுவா. பெரிய டாக்டருங்களே அவளத்தான் கூப்புடுவாங்க. அவ ஊசி அவளுக்குத் தெரியும், என் ஊசி எனக்குத் தெரியும். அது போதலன்னா அவங்கம்மாகிட்ட சொல்லுங்க, எங்கிட்ட சொல்லாதீங்க. எம் பொருள மட்டும் எடுத்துக் குடுங்க."

நிச்சயம் முறிந்தது என்றே அவள் நினைத்தாள். சின்னபொண்ணு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். திட்டுவதற்குத்தான் என்று செல்வகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்னபொண்ணு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக் குரலைத் தணித்தாள்.

அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சீரோடு அழகழகாக வயர் கூடைகள் வந்தனவாம். எங்கள் பெண் போட்டது என்று அவள் அம்மா சபையில் சொல்லிவிட்டார். போட்டது பக்கத்து வீட்டுக்காரி. மறுவாரமே தெருப் பெண்கள் ஆளுக்கொரு கட்டு வயரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"கை நோவுதுன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? எங்க மாமியாரு தைலம் போட்டு நீவி வுட்டாங்க. அன்னிலேருந்து இன்னிய வரைக்கும் எனக்குக் கை நோவுதான் சம்மந்தி. பையனுக்குக்கூடத் தெரியாது."

செல்வகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வழிவிடாததால் அது பாதியிலேயே நின்றுபோனது. நேற்று ராத்திரியே இரண்டு பேர் நூல் என்ன விலை, மருமகள் எப்போது வருவாள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள் என்று சின்னபொண்ணு சொன்னாள். டிவி மேல் இருந்ததை எடுத்தாள். காபித் தட்டைத் தூக்கி அடியில் இருந்ததையும் உருவினாள். மற்றவை பங்காளி வீடுகளுக்குப் பழத்தோடு போய்விட்டிருந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க கேட்டு வாங்கிக்கலாம் என்று முன்னால் நடந்தாள்.

வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சில வீட்டில் பிரிக்காமல் மடித்து வைத்திருந்தார்கள், அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மஞ்சள் மேட்டின் மேல் குழம்புச் சட்டி உட்கார்ந்திருந்தது. இன்னொரு வீட்டில் காமாட்சி விளக்குக்கு அடியில் கிளிப்பச்சை மேட் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்தபோது செல்வகுமாரிக்குத் தன் கையைச் சுட்ட மாதிரி இருந்தது. சாமிக்குப் போட்டதை எடுக்கலாமா என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தெருக்கோடி வீட்டுக்காரி மட்டும் கொடுக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். தட்டோடு வந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனால் கல்யாணம் விளங்குமா என்று ஊர் கேட்கக் கேட்டாள். நான்கு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சின்னபொண்ணு குரலைத் தணிக்கவில்லை.

"என் மருமவ போட்டது இல்லடி அது. இதோ நிக்கிறாங்களே, இவங்க போட்டது. கேட்டு எடுத்துக்கினு போனா இன்னாடி ஆவும்? கேக்காம எடுத்துக்கினு வந்ததுதான் வெளங்காது."

மேட் வந்தது. அந்தத் தெருவில் தன் பக்கம் நின்று ஒருத்தி பேசியதைக் கேட்டதும் செல்வகுமாரிக்கு அழுகை முட்டியது. சொந்த வீட்டில் இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையே என்கிற ஆத்திரத்தில் வந்த அழுகை அது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

ரோசம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மேட்டையும் மேஜையில் விரித்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். குழம்புக் கறை பட்டதையும், ஓரம் பிய்ந்த இரண்டையும் தனியே தள்ளினார். மூன்று செட் தேறியது. சொன்னது நாலு, கொடுப்பது மூன்றா என்று கடுகடுத்தார். செல்வகுமாரி காரணம் சொல்லவில்லை, குறைந்தது குறைந்ததுதான் என்று ஒத்துக்கொண்டாள். அடுத்த தடவை இப்படிச் செய்யாதே என்று ரோசம்மாள் சொன்னபோதுதான் அடுத்த தடவை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. அட்டைகளை அவள் கையாலேயே கட்டச் சொன்னார். தன் பெயர் மூன்று தடவை அந்த நூலில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, பார்சல் கட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.

கிருமாம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வராதே என்று சொன்ன கண்ணையன் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தான். உள்ளே ஆண்டாள் உட்கார்ந்திருந்தாள். சின்னபொண்ணு போன் செய்திருக்கிறாள். கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஆவணியில் தேதி பார்க்கலாம், இனிமேல் பொய் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணம் நிற்கவில்லை என்றதும் ஆண்டாளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது அவமானம். அதைக் கொட்டுவதற்குத்தான் காத்திருந்தாள். குடும்ப மானத்தை மண்ணாடிப்பட்டு வரைக்கும் சுமந்து போய் நடுத்தெருவில் போட்டுவிட்டு வந்தாயே என்று ஆரம்பித்தாள். தம்பி பொண்டாட்டி என்று உன்னை எவ்வளவு தாங்கினேன் என்று ஒரு பாட்டம் அழுதாள். செல்வகுமாரி பையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"உன் பொருளு உனக்கு வந்துடுச்சில்ல?" என்றாள் ஆண்டாள். "அதோட வரக் கூடாதா? பிரியா போட்டான்னே இருந்துட்டுப் போவட்டும். ஒரு வார்த்ததான. எங்க பொண்ணு போட்டான்னு சொன்னா உனக்கு இன்னாடி கொறஞ்சு பூடுது?"

செல்வகுமாரி சொம்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைலேருந்து பிரியாவ நாந்தான் பெத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு வரேன் அண்ணி. ஒரு வார்த்ததான. உங்களுக்கு இன்னா கொறஞ்சு பூடும்?"

ஆண்டாளின் கை தானாகப் பெற்ற வயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது. கண்ணையன் நடுவில் வந்து, வுடு செல்வி, போதும் என்றான். அவள் விடவில்லை. அண்ணி பதில் சொல்லட்டும் என்று அந்த இடத்திலேயே நின்றாள்.